கைடட் பை வாய்சஸ் உண்மையிலேயே பெரிய குழுவா, வெறும் கேசட் இரைச்சலா?

கேள்வி இதுதான்: "அமெரிக்க இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராத ராக் இசை) கேட்பவர்களில் ஒரு பாதி கைடட் பை வாய்சஸைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. இன்னொரு பாதி காதைப் பொத்திக்கொள்கிறது. 'பீ தௌசண்ட்' ஆல்பத்தைப் போட்டுப் பார்த்தேன். பாட்டெல்லாம் பாதியில் நிற்கிறது, பின்னால் ஒரே உஸ்ஸென்ற சத்தம். இதில் அப்படி என்ன இருக்கிறது? கேட்பதென்றால் எங்கே ஆரம்பிப்பது?"

கொண்டாடுகிறவர்களும் திட்டுகிறவர்களும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அது ஒலித்தரம். "அந்தக் கரகரப்புதான் உயிர்" என்று ஒரு பக்கம். "அந்தக் கரகரப்பால்தான் தேறவில்லை" என்று மறுபக்கம். இந்தக் குழுவை நிறுக்க அது சரியான தராசு ஆகாது. மெட்டுக் கட்டுவதில், குழுவின் பாடகரும் பாட்டு எழுதுபவருமான ராபர்ட் பொலார்டின் கை அபூர்வமான கை. கட்டிய மெட்டை ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடித்து எழுந்து போகிற சிக்கனம் அதைவிட அபூர்வம். குறை இருப்பது வேறு இடத்தில். எதை வெளியிடுவது, எதை டிராயரிலேயே போட்டு வைப்பது என்ற முடிவில் அவர் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார். குழுவைப் பிடிக்காதவர்கள் அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் பாதி வழக்கில் ஜெயிப்பார்கள். இரைச்சலைப் பிடித்துக்கொண்டால் தோற்பார்கள். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1983இல் ஓஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஆரம்பித்த குழு. பொலார்ட் அங்கே நாலாம் வகுப்பு ஆசிரியர். ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பேஸ்பால் அணியில் பந்து வீசியவர். பள்ளி விட்டு வந்தபின் நண்பர்களோடு பேஸ்மென்டிலும் கராஜிலும் உட்கார்ந்து வாசித்து, கையிலிருந்து காசு போட்டு இசைத்தட்டு அச்சடித்துக்கொண்டிருந்தார். பல வருடங்கள் ஊருக்குள்ளேயே யாரும் கண்டுகொள்ளவில்லை. 1992இல் வந்த 'ப்ரொப்பெல்லர்' கடைசித் தட்டாக இருக்கட்டும் என்று நினைத்தே செய்தது. 500 பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் கையால் செய்த தனித்தனி அட்டை. அது கைமாறிக் கைமாறிப் பரவியது, கிளீவ்லாந்தின் ஸ்காட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் தேடி வந்தது. 1993இல் நியூயார்க்கின் சிபிஜிபி என்ற ராக் கிளப்பில் மேடையேறியபோது பொலார்டுக்கு வயது 35. அடுத்த வருடம் 'பீ தௌசண்ட்'. அதற்கடுத்த வருடம் மேட்டடார் நிறுவனத்தில் 'ஏலியன் லேன்ஸ்'. இந்த இரண்டு ஆல்பங்களை வைத்துத்தான் இன்றுவரை சண்டை நடக்கிறது.

எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்வது: வேண்டுமென்றே மோசமாகப் பதிந்துவிட்டு அதைப் பாணி என்கிறார்கள். அப்படியென்றால் 1986இல் வந்த முதல் தட்டு 'ஃபாரெவர் சின்ஸ் பிரேக்ஃபாஸ்ட்' என்ன ஆனது? அது முறையான ஸ்டூடியோவில் பதிந்த ஏழு பாட்டுத் தட்டு. சுத்தமாக இருக்கும். அந்தக் காலத்து ஆர்.இ.எம். ராக் குழுவின் சாயலில், யாருடையது என்றே சொல்ல முடியாதபடி இருக்கும். ஸ்டூடியோவில் கடிகாரம் ஓடும், மணிக்கு இவ்வளவு என்று காசு ஓடும், கண்ணாடிக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்த நெருக்கடியில் இந்தக் குழு விறைத்துப்போய் வாசித்திருக்கிறது. நாலு டிராக் கேசட் மெஷினுக்கு அவர்கள் வந்தது இதற்குப் பிறகுதான். பணமில்லாதது ஒரு காரணம். வாசிக்கிறபோது உடம்பு இளகியிருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். பாட்டு தோன்றிய அன்றைக்கே பதிந்துவிடலாம் என்பது மூன்றாவது. அந்த மூன்றாவதுதான் பெரிய காரணம்.

நாலு டிராக் மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் 'பீ தௌசண்டை' வேறு காதால் கேட்க முடியும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சாதாரண கேசட்டின் டேப் 3.81 மில்லிமீட்டர் அகலம். வீட்டு டெக்கில் 'ஏ' பக்கத்துக்கு இரண்டு தடம், 'பி' பக்கத்துக்கு இரண்டு தடம். நாலு டிராக் மெஷின் இந்த நாலு தடத்தையும் ஒரே திசையில் பயன்படுத்துகிறது. பல மெஷின்களில் டேப் இரட்டை வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 9.5 சென்டிமீட்டர் ஓடும். ஒரு சி-60 கேசட் போட்டால் கையில் கிடைப்பது 15 நிமிடம், அவ்வளவுதான். பெரிய ஸ்டூடியோவில் 24 டிராக்குக்கு 2 அங்குல அகல டேப், நொடிக்கு 38 அல்லது 76 சென்டிமீட்டர் வேகம். தடம் குறுகக் குறுக, வேகம் குறையக் குறைய, பதிகிற ஒலிக்கும் டேப்பின் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். நீங்கள் கேட்ட உஸ்ஸென்ற சத்தம் அங்கிருந்து வருகிறது. அது யாரும் சேர்த்த அலங்காரம் கிடையாது.

இருப்பது நாலே தடம். ஒரு ராக் குழுவுக்கு டிரம்ஸ், பேஸ் கிடார், இன்னும் இரண்டு கிடார், பாட்டு, கூடப் பாடும் குரல் என்று குறைந்தது ஆறு வேண்டும். அதனால் டிரம்ஸ் முழுவதும் ஒரே மைக்கில், ஒரே தடத்தில் போய்விடும். ஸ்டூடியோவில் காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம்முக்கு ஒன்று, ஸ்னேர் டிரம்முக்கு ஒன்று, மேலே சிம்பல் தகடுகளுக்கு இரண்டு என்று மைக் வைத்து, பிறகு ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்குவார்கள். இங்கே அது நடக்காது. அறைக்குள் எது பலமாகக் கேட்கிறதோ அதுதான் பதியும். சின்ன அறையில் சிம்பலும் ஸ்னேரும் சுவரில் மோதித் திரும்பி வந்து மைக்கை நிரப்பிவிடும், கிக்கின் அடிவயிற்றுச் சத்தம் காணாமல் போகும். கைடட் பை வாய்சஸ் பாட்டுகளில் டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருப்பதாகச் சொல்கிறவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

நாலு தடம் போதாதபோது செய்கிற வேலைக்குப் பவுன்ஸ் என்று பெயர். மூன்று தடங்களில் பதிந்ததைக் கலந்து நாலாவதில் ஏற்றிவிட்டு, அந்த மூன்றையும் அழித்து மறுபடி பயன்படுத்துவது. இதில் இரண்டு இழப்பு. ஒன்று, டேப்பிலிருந்து டேப்புக்குப் போகும்போது உச்ச ஒலிகள் மழுங்கும், இரைச்சல் கூடும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று பதிந்து கேட்டவர்களுக்கு இந்த மழுக்கம் நன்றாகத் தெரிந்திருக்கும். இரண்டாவது, பவுன்ஸ் செய்த பிறகு டிரம்ஸுக்கும் கிடாருக்கும் இடையிலான அளவை மாற்ற முடியாது. பேஸ் குறைவாக இருந்ததா, இனி எப்போதும் குறைவுதான். அன்றைக்கே, அங்கேயே, காதால் கேட்டு முடிவெடுத்தாக வேண்டும்.

இந்த நெருக்கடி பாட்டின் உருவத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. தடத்துக்கு இவ்வளவு பஞ்சம் இருக்கும்போது யாரும் வெறும் அழகுக்காக ஒரு கீபோர்டை அடுக்க மாட்டார்கள். சோலோவுக்குத் தனித் தடம் ஒதுக்கவும் மனம் வராது. மிஞ்சுவது மெட்டும், அதைத் தாங்குகிற ஒரு கிடாரும், கோரஸில் வந்து ஒட்டிக்கொள்ளும் இரண்டாவது குரலும்தான். மெட்டு பலவீனமாக இருந்தால் மறைத்துக்கொள்ளத் துணி கிடையாது. 'எக்கோஸ் மைரன்' கேளுங்கள். பின்னணியில் ஏறிக்கொண்டே போகும் குரல்கள், நடுவில் ஒரு திருப்பம், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கிக் டிரம் எங்கே என்று தேடத் தோன்றுகிறதா பாருங்கள்.

சில பாட்டுகள் நாலு டிராக்குக்குக்கூடப் போகாமல் டேப்ரெக்கார்டரின் உள் மைக்கில் பதிந்தவை போலவே கேட்கும். அந்த மாதிரி ரெக்கார்டரில் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் சர்க்யூட் ஒன்று உண்டு. கிடாரை ஓங்கி அடித்தால் எல்லாவற்றையும் அமுக்கும், அடி ஓய்ந்ததும் அறையின் இரைச்சலை மேலே இழுக்கும். பாட்டு மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குவது இதனால்தான். இது தாளத்தோடு ஒத்துப் போனால் அழகாக இருக்கும், ஒத்துப் போகாவிட்டால் தலைவலி. 1993இல் வந்த 'வாம்பயர் ஆன் டைட்டஸ்' பெரும்பாலும் இரண்டாவது வகை. அந்த ஆல்பத்துக்காக வாதாட முடியாது. நல்ல மெட்டுகள் அதில் சேற்றில் புதைந்து கிடக்கின்றன.

இனி தவறுகளுக்கு வருவோம். 'பீ தௌசண்டின்' முதல் பாட்டு 'ஹார்ட்கோர் யுஎஃப்ஓஸ்'. அதில் நடுவே கிடார் திடீரென்று அறுந்து போகும், குரல் தனியாக நிற்கும், கொஞ்ச நேரத்தில் கிடார் திரும்பி வரும். முதன்முறை கேட்கிறவர் இயர்போன் வயர் பழுதோ என்று பார்ப்பார். பதிவில் நேர்ந்த கோளாறை அப்படியே விட்டிருக்கிறார்கள், அதுவும் முதல் பாட்டிலேயே. 'ஏலியன் லேன்ஸில்' 'எக்ஸ்-சூப்பர்மாடல்' பாட்டுக்கு அடியில் யாரோ குறட்டை விடுவது கேட்கும். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் வைக்கக்கூடாது. கிடார் அறுந்த இடத்தில் குரல் தனியாக நிற்கிற நொடி பாட்டுக்கு உதவுகிறது, அந்தத் தனிமை மெட்டோடு சேர்ந்துகொள்கிறது. குறட்டை ஒருமுறை சிரிக்கவைக்கும், இரண்டாம் முறை எரிச்சல். விபத்தை வைத்துக்கொள்வதும் ஒரு தேர்வுதான், அதிலும் நல்ல தேர்வு கெட்ட தேர்வு உண்டு. ரசிகர்களில் பலர் இதை ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள், அதனால்தான் வாதம் நகர்வதே இல்லை.

இரைச்சல் வேண்டுமா வேண்டாமா என்பதைக் காதாலேயே முடிவுசெய்ய ஒரு வழி இருக்கிறது. 'கேம் ஆஃப் பிரிக்ஸ்' பாட்டு இரண்டு வடிவத்தில் கிடைக்கிறது. 'ஏலியன் லேன்ஸில்' இருப்பது வீட்டுப் பதிவு, சுமார் ஒன்றரை நிமிடம். அதே 1995இல் வந்த 'டைகர்பாம்' என்ற ஆறு பாட்டுத் தட்டில் இருப்பது ஸ்டூடியோவில் மறுபடி வாசித்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதலில் ஸ்டூடியோ வடிவம். டிரம்ஸ் உடம்போடு இருக்கும், பேஸ் எங்கே போகிறதென்று தெரியும், கிடார்கள் இடமும் வலமும் விரியும். மெட்டு முழுசாகத் தேறுகிறது. ஆக, இந்தப் பாட்டு இரைச்சலின் தயவில் நிற்கவில்லை என்பது முதலில் நிரூபணமாகிவிடும்.

பிறகு வீட்டுப் பதிவைப் போடுங்கள். குரல் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிடும். டிரம்ஸ் மெலிந்து பின்னால் போனதால் தாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கிடாரின் கீழ்-மேல் அடிதான். முன்னிசை என்று சொல்ல ஒன்றுமில்லை, கடைசியில் கோரஸை நாலு தடவை சுற்றவிடுவதும் இல்லை. ஏமாற்றப்பட்டவன் மூச்சு வாங்கியபடியே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி பாட்டு முடியும். ஸ்டூடியோ வடிவம் இதே சொற்களைச் சொல்கிறது, ஆனால் உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறது. என் காதுக்கு வீட்டுப் பதிவுதான் மேல். 'டைகர்பாமில்' மறுபடி பதிந்த 'மை வேல்யுவபிள் ஹண்டிங் நைஃப்' விஷயத்தில் தீர்ப்பு தலைகீழ். அது உறுதியான தாளத்தில் நடக்கிற பாட்டு, அதற்குக் கிக்கும் ஸ்னேரும் வேண்டும், ஸ்டூடியோவில்தான் நிமிர்ந்து நிற்கிறது. ஆக, "எப்போதும் கேசட்டே மேல்" என்பதும் பொய், "எப்போதும் ஸ்டூடியோவே மேல்" என்பதும் பொய். பாட்டுக்குப் பாட்டு மாறும்.

"பாட்டெல்லாம் பாதியில் நிற்கிறது" என்று கேட்டிருந்தீர்கள். 'ஏலியன் லேன்ஸில்' 28 பாட்டு, மொத்தம் 41 நிமிடம். சராசரி ஒன்றரை நிமிடத்துக்கும் கீழே. 'சிகரெட் ட்ரிக்ஸ்' 18 நொடி, 'ஹிட்' 23 நொடி. 'பீ தௌசண்ட்' 20 பாட்டு, 36 நிமிடம் சொச்சம். இதில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை, சின்னதாக இருந்தாலும் முழுசாக இருக்கும் பாட்டு. 'கோல்ட் ஸ்டார் ஃபார் ரோபாட் பாய்' இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, ஆனால் மெட்டு கிளம்பி, ஏறி, வீடு திரும்பிவிடுகிறது. இன்னொரு சுற்றுப் பாடினால் பாட்டு பலவீனமாகும். இரண்டாம் வகை, உண்மையிலேயே துண்டு. ஒரு கிடார் அசைவும் ஒரு வரியும் மட்டும். அடையாளம் காண ஒரு எளிய வழி: பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு முணுமுணுத்துப் பாருங்கள். ஆரம்பமும் முடிவும் நாக்கில் வந்தால் பாட்டு. ஒரு திருப்பம் மட்டும் வந்தால் துண்டு.

துண்டுகளுக்கும் ஆல்பத்தில் ஒரு வேலை உண்டு என்பதை எதிர்த்தரப்பு கவனிப்பதில்லை. 'ஏலியன் லேன்ஸில்' பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மூச்சு விட இடமே இல்லாதபடி ஒட்டியிருக்கிறார்கள். அந்த வரிசையில் 20 நொடித் துண்டு ஒரு மூட்டு மாதிரி. முன்னால் போன சத்தமான பாட்டுக்கும் பின்னால் வரப்போகும் மெல்லிய பாட்டுக்கும் நடுவில் காதைத் திருப்பிவிடும். வரிசையைக் கலைத்தால் மூட்டு கழன்றுவிடும், துண்டு வெறும் துண்டாகக் கிடக்கும். 'பீ தௌசண்ட்' ஆல்பத்துக்குப் பாட்டு வரிசையைப் பலமுறை மாற்றி மாற்றி அடுக்கினார்கள், நிறையப் பாட்டுகளை வெளியே எடுத்தார்கள். எடுத்த பாட்டுகளையும் சேர்த்து 2004இல் ஸ்காட் நிறுவனம் ஒரு பெரிய பதிப்பே போட்டது. அதைக் கேட்டால் வெளியே எடுத்தது எவ்வளவு சரி என்று புரியும். பொலார்ட் கத்தரியைக் கையில் எடுத்த இடங்களில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வரிகளையும் குரலையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓஹாயோக்காரர் ஆங்கிலேயர் மாதிரி உச்சரித்துப் பாடுவது சிலருக்குக் கடுப்பு. பீட்டில்ஸ், தி ஹூ, வயர், பீட்டர் கேப்ரியல் காலத்து ஜெனிசிஸ் என்று கேட்டு வளர்ந்த நாக்கு அப்படித்தான் திரும்பும். பாப், பங்க், ப்ராக், சைக்கடெலிக் என்று நாலையும் ஒரே பாட்டில் திணிக்க அவர் செய்யும் முயற்சியும் அங்கிருந்து வந்ததே. வரிகள் பெரும்பாலும் சொற்களை வெட்டி ஒட்டிய கொலாஜ். அவர் தட்டு அட்டைகளுக்குக் காகிதக் கொலாஜ் செய்கிறவர், பாட்டிலும் அதே கைவேலை. பொருள் தேடினால் ஏமாற்றம்தான். வாயில் எப்படி உருள்கிறது என்று கேட்டால் அருமை. ஆனால் 'ஐ ஆம் அ சயன்டிஸ்ட்' மாதிரி ஒரு பாட்டில் திடீரென்று நேராகத் தன்னைப் பற்றிப் பேசிவிடுவார். அந்த நேர்மை அவ்வளவு ஆழமாக இறங்குவதற்குச் சுற்றியிருக்கும் புதிர்களும் காரணம்.

இதுவரை பொலார்டைப் பற்றியே பேசினேன். 'பீ தௌசண்டையும்' 'ஏலியன் லேன்ஸையும்' அவர் ஒருவர் செய்த ஆல்பங்களாக எழுதுவது நியாயமே இல்லை. குழுவில் கிடார் வாசித்துப் பாட்டும் எழுதிய டோபின் ஸ்ப்ரவுட் இல்லாமல் அவை இல்லை. அந்த நாலு டிராக் பதிவுகளில் பெரும் பங்கு அவர் கை. 'ஆஃபுல் பிளிஸ்', 'அ குட் ஃப்ளையிங் பேர்ட்', 'லிட்டில் வேர்ல்' போன்ற அவர் பாட்டுகள் மெல்லிய குரலில், தெளிந்த மெட்டோடு வந்து, பொலார்டின் உரத்த முழக்கத்துக்கு நடுவில் நிழல் தரும். அவர் விலகிய பிறகு வந்த ஆல்பங்களில் நல்ல பாட்டு குறையவில்லை, நிழல் குறைந்தது. தொடர்ந்து கேட்கும்போது ஏற்படும் அலுப்புக்கு முதல் காரணம் அதுதான், ஸ்டூடியோ ஒலி இல்லை.

1996இல் வந்த 'அண்டர் தி புஷஸ் அண்டர் தி ஸ்டார்ஸ்' இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கிறது. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியும், பிரீடர்ஸ் குழுவின் பாடகியும் டேட்டன்காரருமான கிம் டீலும் வெவ்வேறு பதிவுகளில் உதவினார்கள். 24 பாட்டு. 'தி அஃபிஷியல் ஐயர்ன்மென் ராலி சாங்', 'கட்-அவுட் விட்ச்' இரண்டிலும் கிடார் முதுகெலும்போடு நிற்கும். அதன் பிறகு பழைய ஆட்கள் கலைந்தார்கள். 1997இல் 'மேக் இயர்விக்' ஆல்பத்துக்குக் கிளீவ்லாந்தின் கோப்ரா வெர்டே குழுவே பின்னணியாக வந்தது. அதோடு வந்தவர் கிடார் கலைஞர் டக் கில்லார்ட். 'ஐ ஆம் அ ட்ரீ' அவர் எழுதிய பாட்டு. இந்தக் குழுவில் கிடார் வாசிப்புக்காகவே கேட்க வேண்டிய பாட்டு எது என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

1999இன் 'டூ தி கொலாப்ஸ்' மேல் பழைய ரசிகர்களுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. தி கார்ஸ் குழுவின் ரிக் ஓகாசெக் தயாரித்தது. கிடார் எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டிய வேலி மாதிரி இருக்கும், மேலே கீபோர்ட் பூச்சு. கோபப்படுகிறவர்கள் "பணத்துக்கு விலைபோனார்" என்கிறார்கள். அது சரியான குற்றச்சாட்டு இல்லை. பொலார்டுக்கு எப்போதும் பெரிய அரங்கத்தில் முழங்க ஆசை. 'ப்ரொப்பெல்லர்' தட்டின் ஆரம்பத்திலேயே கூட்டம் குழுவின் பெயரைக் கோஷமிடுகிற மாதிரி செய்து வைத்தவர் அவர், அப்போது அப்படி ஒரு கூட்டமே கிடையாது. தவறு ஒலிப்பூச்சு எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி விழுந்ததில் இருக்கிறது. 'டீனேஜ் எஃப்பிஐ' அதைத் தாங்குகிறது, 'ஹோல்ட் ஆன் ஹோப்' தாங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ராப் ஷ்னாப் தயாரித்த 'ஐசொலேஷன் ட்ரில்ஸ்' அதே ஸ்டூடியோ வசதியோடு எவ்வளவு உயிரோடு இருக்க முடியும் என்று காட்டியது. 'கிளாட் கேர்ல்ஸ்', 'சேசிங் ஹெதர் க்ரேசி' இரண்டையும் கேசட்டில் பதிந்திருந்தால் நஷ்டம்தான்.

வலுவான எதிர்வாதம் எண்ணிக்கை. 2004 கடைசி நாளில் சிகாகோவில் கச்சேரியோடு கலைந்தார்கள். 2010இல் பழைய ஆட்களோடு சேர்ந்தார்கள், 2012 முதல் 2014க்குள் ஆறு ஆல்பம். மறுபடி கலைந்து, 2016இல் மறுபடி தொடங்கி, அதன்பின் பல வருடங்களில் இரண்டு மூன்று என்று வந்துகொண்டே இருந்தது. 2019இல் மட்டும் மூன்று, அதில் ஒன்று 32 பாட்டு கொண்ட இரட்டை ஆல்பம். குழுவின் ஸ்டூடியோ ஆல்பங்கள் மட்டும் 40ஐத் தாண்டிவிட்டன. பொலார்டின் தனி ஆல்பங்கள், பக்கக் குழுக்கள், ஒவ்வொன்றும் 100 பாட்டு கொண்ட 'சூட்கேஸ்' பெட்டிகள் தனிக் கணக்கு. தன் பாட்டுகளிலேயே எது பொன், எது உமி என்று அவர் சலிப்பதில்லை. சலிக்கிற வேலையைக் கேட்பவர் தலையில் கட்டுகிறார். இது உண்மையான குறை, சமாதானம் சொல்ல முடியாது. 2016க்குப் பிந்தைய குழு, கில்லார்டும் கெவின் மார்ச்சும் பாபி பேர் ஜூனியரும் மார்க் ஷூவும், வாசிப்பில் இதுவரை இருந்த எல்லா அணியையும்விடத் திறமையான அணி. 2018இன் 'ஸ்பேஸ் கன்' அதற்குச் சாட்சி. ஆனால் அந்த அணியின் மூன்று ஆல்பங்களிலிருந்து ஒன்று செய்திருந்தால் ஒவ்வொன்றும் 'ஸ்பேஸ் கன்' அளவுக்கு நின்றிருக்கும்.

மேடையைப் பற்றி ஒரே பத்தி. மைக்கைச் சுழற்றி, காலைத் தலைக்கு மேல் உதைத்து, 50 பாட்டுவரை போகும் கச்சேரிகள் அவை. 2019 கடைசி இரவில் லாஸ் ஏஞ்சலிஸில் 100 பாட்டு வாசித்தார்கள். மேடையிலேயே பீர் பெட்டி இருப்பதை ஒரு வீரமாகப் பேசுவது இந்த ரசிகர் கூட்டத்தின் கெட்ட பழக்கம். போதை ஏறின கடைசிப் பகுதியில் குரல் தட்டையாவதும் சொற்கள் குழைவதும் நேரடிப் பதிவுகளிலேயே கேட்கிறது. முதல் ஒரு மணி நேரத்தை வைத்து எடை போடுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது. கேட்கும் கருவியைச் சரிசெய்வதிலிருந்து ஆரம்பியுங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே தவறு நடக்கிறது. ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு ஒன்றோடொன்று மங்கிக் கலக்கும் கிராஸ்ஃபேட் வசதி பூஜ்யத்தில் இருக்க வேண்டும். 18 நொடிப் பாட்டுக்கு ஆறு நொடி கிராஸ்ஃபேட் வைத்தால் பாட்டில் என்ன மிஞ்சும்? ஈக்வலைசரில் பேஸ் பூஸ்ட் இருந்தால் எடுத்துவிடுங்கள். பதிவில் ஆழ்ந்த கிக் இல்லாததால் அது தூக்கிவிடுவது கிடாரின் கீழ்ப்பகுதிச் சகதியை மட்டுமே. டேட்டா மிச்சப்படுத்தும் குறைந்த தரத்தில் கேட்காதீர்கள். டேப் இரைச்சல் ஒழுங்கில்லாத ஒலி, அதைச் சுருக்கிப் பொதிவது கோடெக்குக்கு (ஒலிக் கோப்பைச் சுருக்கும் மென்பொருளுக்கு) கஷ்டம். அதனால் உஸ்ஸென்ற சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோல் சுழலும், சிம்பல் நொறுங்கும். நீங்கள் கேட்டு எரிச்சலடைந்ததில் ஒரு பங்கு அதுவாகவே இருக்கலாம். முதல் தடவை இயர்போனைவிட ஸ்பீக்கர் நல்லது. ஒலியளவை வழக்கத்தைவிட ஒரு படி குறைத்து வையுங்கள். குரல், கிடார், சிம்பல் மூன்றும் காது சீக்கிரம் களைக்கிற நடு-உச்சப் பகுதியில் நெருக்கியடித்து நிற்கும் பதிவுகள் இவை. இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டுச் சுத்தம் செய்ய நினைக்க வேண்டாம். இரைச்சலோடு சிம்பலின் வாலும் குரலின் மூச்சும் போய்விடும்.

முதல் நாள் 'டைகர்பாம்' முழுக்க. பிறகு மேலே சொன்ன ஒப்பீடு. அடுத்த நாள் 'பீ தௌசண்ட்', முதல் ஒன்பது பாட்டு மட்டும், 'கோல்ட் ஸ்டார் ஃபார் ரோபாட் பாய்' முடிகிறவரை. 20ஐயும் ஒரே மூச்சில் கேட்டால் புதுக் காதுக்கு எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். மீதி மறுநாள். மூன்று நாள் இடைவெளி விட்டு மறுபடி முதலிலிருந்து போடுங்கள். இரண்டாம் சுற்றில் மெட்டுகள் தெரிந்த முகங்களாக வரும், இரைச்சல் தானாகப் பின்னால் போகும். அதன் பிறகே 'ஏலியன் லேன்ஸ்', அதை மட்டும் முழுசாக ஒரே அமர்வில்.

இரைச்சல் எந்த விதத்திலும் ஒத்துவரவில்லை என்றால் வழி வேறு: 'ஐசொலேஷன் ட்ரில்ஸ்', 'ஸ்பேஸ் கன்', பிறகு 'அண்டர் தி புஷஸ்' என்று பின்னோக்கி நடங்கள். 2003இல் வந்த 32 பாட்டுத் தொகுப்பில் தேர்வு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கேசட்டும் ஸ்டூடியோவும் மாறி மாறி வருவதால் பாட்டுக்குப் பாட்டு காது துள்ளும், முதல் அறிமுகத்துக்கு அது வேண்டாம். 'வாம்பயர் ஆன் டைட்டஸில்' ஆரம்பித்துவிட்டு ஓடிப்போனவர்கள் நிறையப் பேர், அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

'எக்கோஸ் மைரனை' மூன்று தனித்தனி நாட்களில் கேட்டும் அந்தக் கோரஸ் உங்களைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் குழுவை விட்டுவிடலாம். உங்கள் காதில் குறை இல்லை, பொலார்டின் மெட்டு உங்களுக்கானது அல்ல, அவ்வளவுதான். இழுத்தால் அன்றைக்கே 'அ சால்ட்டி சல்யூட்' போடுங்கள். பேஸ் தனியாக நடந்து வரும், மேலே குரல் ஏறும், ஒன்றரை நிமிடம்.